பிரபுவின் கொடையும் மக்களின் பணமும்

விண்வெளி ஆராய்ச்சிக்கு அரசாங்கங்கள் மேலும் பணம் செலவிட வேண்டுமா என்னும் வினா, வானிலே ஒரு ரொக்கட் எழும்போதெல்லாம் மண்ணிலேயும் எழுகின்றது. கோடிக்கணக்கான மக்கள் பட்டினி கிடக்கையிற் சந்திரனிலே மண் அள்ளுவது எதற்கென ஒரு சாரார் கேட்பர். அறிவின் வளர்ச்சிக்கெனச் செலவாகும் பணம் ஒருபோதும் வீண்போவதில்லையென மறுசாரார் விடை பகர்வர். முன்னவருக்கு மனிதாபிமானிகள் என்றும், பின்னவருக்கு விஞ்ஞானவாதிகள் என்றும் பெயர் சூட்டப்படுவதோடு விவாதம் முடிந்துவிடுகின்றது. எமது பாடசாலைகளின் விவாத மேடைகளிலும் இத்தலைப்பு இவ்வாறே கையாளப்படுவதை ஆசிரியர்கள் அறிவர். எவ்வளவு பணம் என்பதைச் சுற்றியே இரு சாராரும் சுழல்கின்றனர். யாருடைய பணம், அதனால் விளையும் பயன் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்விகளை எவரும் எழுப்புவதில்லை. எமது கருத்திற் பிரச்சினையின் உயிர்நாடி இவ்விரு கேள்விகளிலேயே இருக்கின்றது.

செலவை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்தாளும் எழுத்தொன்று உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது மறுபடி மறுபடி அச்சேறி வருகின்றது. படித்தோர் பலர் அதனால் மனம் மாறியிருக்கின்றனர். அதில் உண்மை எவ்வளவு, மறைப்பு எவ்வளவு என்று வேறுபடுத்திக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1970 ஆம் ஆண்டு, சாம்பியா நாட்டிலே பட்டினியால் வாடிய குழந்தைகளிடையே தொண்டாற்றி வந்த மேரி ஜுகுண்டா என்னும் கன்னியாஸ்திரி, அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் விஞ்ஞானி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதரை அனுப்பும் திட்டத்துக்காக வாதாடி வந்தவர் அவ்விஞ்ஞானி. இத்தனை குழந்தைகள் உணவின்றி மடியும்போது கோடி கோடியாக டொலர்களை அத்தகைய பயணத்துக்குச் செலவிடும்படி எவ்வாறு யோசனை கூற இயலுமென்று அவர் கேட்டார். அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் நகரிலுள்ள மார்ஷல் விண்பறப்பு நிலையத்திலே விஞ்ஞானத் துறையின் பொறுப்பாளருள் ஒருவராக இருந்த ஏர்ண்ஸ்ட் ஷ்டூலிங்கர், 1970 மே 6 ஆம் திகதியிட்டு நீண்ட பதில் எழுதினார். அப்பதிலே நாம் குறிப்பிடும் எழுத்து.

அதிலே ஏளனம் இல்லை. கேட்டவரின் பரிவை மதித்தே அது தொடங்குகின்றது. பின்னர் ஒரு கதை வருகின்றது. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஜெர்மனியின் சிற்றூரொன்றிலே இரக்கமுள்ள பிரபு ஒருவன் வாழ்ந்தான். தன் வருமானத்திற் பெரும்பங்கை ஏழைகளுக்கு வழங்கினான். அவ்வூரிலே கண்ணாடியைத் தேய்த்து வில்லைகள் செய்து, அவற்றாற் சிறிய பொருள்களைப் பெரிதாக்கிக் காணும் பொழுதுபோக்குடைய ஒருவன் இருந்தான். பிரபு அவனைத் தன் மாளிகைக்கு அழைத்துப் பணம் கொடுத்து ஆதரித்தான். கொள்ளைநோயால் வருந்திய ஊரவர், இப்பணத்தை எங்களுக்குத் தராமல் விளையாட்டுக்குக் கொடுப்பதா எனச் சினந்தனர். பிரபு மனம் மாறவில்லை. அம்முயற்சியின் வழியில் நுணுக்குக்காட்டி பிறந்தது; கொள்ளைநோயை ஒழிக்க அது உதவிற்று. கதையின் பொருள் வெளிப்படையானது. பிரபு அமெரிக்க அரசாங்கம். வில்லை செய்தவன் விண்வெளி விஞ்ஞானி. சினந்த ஊரவர் வேறு யாருமல்லர், நாமே.

கதையைத் தொடர்ந்து ஷ்டூலிங்கர் காட்டும் நியாயங்கள் பல. விண்வெளிச் செலவைக் குறைத்தால் மிஞ்சும் பணம் தானாகப் பட்டினி கிடப்போரிடம் போய்ச் சேராது என்பது முதலாவது. பூமியைச் சுற்றும் செய்மதிகள் பயிரையும் மண்ணையும் மழையையும் கண்காணித்து உணவு உற்பத்தியைப் பெருக்க உதவும் என்பது இரண்டாவது. தொழில்நுட்பம் வளரும், இளைஞர் விஞ்ஞானத்தை நாடுவர், நாடுகளிடையே போருக்குப் பதிலாக ஆக்கபூர்வமான போட்டி நிலவும் என்பன ஏனையவை.

இவற்றுள் முதலாவது நியாயத்தை நாம் முழுமனதுடன் ஏற்கின்றோம். வரலாறு அதனைச் சோதித்துப் பார்த்துவிட்டது. 1966 ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் செலவிலே நாசாவின் பங்கு நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேல். அப்போலோத் திட்டம் முழுவதற்கும் ஏறத்தாழ 2,500 கோடி டொலர் செலவாயிற்று. 1972 உடன் சந்திரப் பயணங்கள் நின்றன. திட்டமிடப்பட்டிருந்த மூன்று பயணங்கள் கைவிடப்பட்டன. எழுபதுகளின் நடுப்பகுதிக்குள் நாசாவின் பங்கு நூற்றுக்கு ஒன்றாகச் சுருங்கிற்று. இன்று அது நூற்றுக்கு அரையிலும் குறைவு. அவ்வாறு மிஞ்சிய பணம் சாம்பியாவின் குழந்தைகளுக்குப் பாலாக மாறவில்லை. அமெரிக்காவின் சேரிகளிற்கூட அது வீடாக மாறவில்லை. விண்வெளியை நிறுத்தினாற் பசி தீருமென்பது நல்லெண்ணம் மட்டுமே. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 1966 இல் இராணுவத்துக்குச் சென்றது அந்த அரசாங்கத்தின் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். வியட்னாமின் வயல்களிலே குண்டாக விழுந்த பணத்தைக் காணாது, சந்திரனுக்குச் சென்ற பணத்தையே கண்டு கொதிப்பவர் தம்மையறியாமல் உண்மையான ஊதாரியைத் தப்பவிடுகின்றனர்.

ஆயின் கடிதத்தின் இதயம் அந்தக் கதையிலேயே உள்ளது. வாசகரை வசப்படுத்துவதும் அதுவே. எனவே அதனை நெருங்கிப் பார்ப்போம்.

இரக்கமுள்ள பிரபுவுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? கதை இதைச் சொல்வதில்லை. பதினாறாம் நூற்றாண்டின் ஜெர்மனியிலே பிரபு ஒருவனின் வருமானம் குடியானவனின் விளைச்சலிலிருந்து பறித்த பங்கும், கூலியின்றி வாங்கிய ஊழியமுமேயாகும். கதை நிகழும் காலத்துக்கு இரு தலைமுறை முன்னர், 1524-25 இல், அந்நாட்டின் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். மெமிங்கன் நகரிலே 1525 இல் அவர்கள் வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள், காட்டு மரமும் ஆற்று மீனும் வேட்டை விலங்கும் எவரொருவருக்கும் தனியுடைமையாகலாகாது, பிரபுக்கள் அபகரித்த பொதுப் புல்வெளிகள் ஊருக்கே மீள வேண்டும் என்பனவும் அடங்கும். அக்கிளர்ச்சி இரத்தத்தில் அமிழ்த்தப்பட்டது. அதற்குப் பின்னர் வாழ்ந்த பிரபு தன் வருமானத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்கு 'வழங்குகின்றான்' என்றால், அது கொடையன்று. பறித்ததிற் சிறிதளவைத் திருப்பித் தருதலேயாகும். வில்லைக்காரனுக்குப் போன பணமும் ஊரவரின் உழைப்பே. தமது பணம் செலவாகும் விதம்பற்றிக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. ஷ்டூலிங்கரின் கதையிலே அவ்வுரிமை அறியாமையாக மாற்றப்பட்டுவிடுகின்றது. கேள்வி கேட்டவர் அறிவிலிகள்; பணத்தை வைத்திருந்தவன் தீர்க்கதரிசி. அரசாங்கப் பணத்தைப்பற்றிய விவாதத்திலே அரசாங்கத்தைப் பிரபுவாகவும் வரி கொடுப்போரை இரப்போராகவும் சித்திரித்த பின்னர், மிச்சமுள்ள நியாயங்களைக் கூற வேண்டிய தேவையே இல்லை.

நுணுக்குக்காட்டியின் உண்மையான வரலாறும் இக்கதையை ஆதரிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்களை 1670களில் முதன்முதல் விளக்கமாகக் கண்டு எழுதியவர் அன்ரனி வான் லேவன்ஹூக். ஒல்லாந்தின் டெல்ப்ட் நகரிலே துணி வியாபாரம் செய்தவர் அவர். கல்விமான்களின் மொழியாகிய இலத்தீன் அவருக்குத் தெரியாது. தாம் கண்டவற்றைத் தமது தாய்மொழியிலேயே எழுதி இலண்டன் றோயல் சங்கத்துக்கு அனுப்பினார். அவருக்கு முன்னரே வில்லை தேய்க்கும் கலையை வளர்த்து வைத்தவர்கள் மூக்குக்கண்ணாடி செய்து பிழைத்த கைவினைஞர்கள். பிரபுவின் மாளிகைக்கு இவ்வரலாற்றிலே பெரிய இடமில்லை.

இதனினும் முக்கியமானது கதையின் முடிவு. நுணுக்குக்காட்டி வந்தது, கொள்ளைநோய் போயிற்று என அது முடிகின்றது. கொள்ளைநோயின் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் ஹொங்கொங்கிலே நுணுக்குக்காட்டியின் வழி கண்டது 1894 இல். இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1896 இல், அந்நோய் பம்பாயிலே தோன்றிற்று. அதன்பின் வந்த சில தசாப்தங்களில் பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த இந்தியாவில் அதற்குப் பலியானோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். கிருமியைக் கண்ட பின்னரே இத்தனை பேரும் இறந்தனர் என்பதை மறத்தலாகாது. வில்லை தன் கடமையைச் செய்துவிட்டது. எலிகள் மலிந்த நெருக்கமான குடியிருப்புகளையும், அரை வயிற்றுடன் கிடந்த உடல்களையும், மக்களை நம்பாத அந்நிய ஆட்சியையும் வில்லையால் மாற்ற இயலவில்லை. கண்டறிதலுக்கும் காப்பாற்றுதலுக்கும் இடையே ஒரு சமுதாயம் நிற்கின்றது. பிரபுவின் கதை இச்சமுதாயத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றது.

எழுத்தாளனின் வாழ்வை அவனது எழுத்தின் மீது ஏற்றித் தீர்ப்பு வழங்குதல் எமது முறையன்று. எனினும் ஒரு செய்தியை விட்டுவிட முடியாது. ஷ்டூலிங்கர் வேர்ணர் வொன் பிரவுணின் குழுவைச் சேர்ந்தவர். நாஸி ஆட்சியின் பணத்தில் பேனமுண்டேயிலே வீ-2 ஏவுகணையை உருவாக்கிய அக்குழு போருக்குப் பின்னர் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவ்வேவுகணைகளை நிலத்தடித் தொழிற்சாலையிலே செய்து குவித்தவர்கள் மிட்டெல்பவ்-டோரா முகாமின் கைதிகள். அம்முகாமில் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் மாண்டனர். தனியொருவர்மீது பழி சுமத்துவதற்காக இதனை நாம் கூறவில்லை. விஞ்ஞானத்துக்கு அரசாங்கம் பணம் கொடுத்தால் நன்மை தானே விளையும் என்னும் நம்பிக்கையை, அவ்வாறான பணத்தின் இன்னொரு விளைவை அருகிருந்து கண்ட தலைமுறை ஒருபோதும் எளிதாகக் கூறியிருக்கலாகாது என்பதற்காகவே கூறுகின்றோம்.

இனிக் கடிதம் சென்ற இடத்தைப் பார்ப்போம். பசியை ஷ்டூலிங்கர் உணவு உற்பத்தி, உணவு விநியோகம் என இரண்டாகப் பிரித்தார். விநியோகத்தை நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பின் பிரச்சினையாகக் கண்டார். சாம்பியா செப்புச் சுரங்கங்களின் நாடு. அந்நாட்டின் கனிம உரிமைக் கட்டணம் 1964 இல் சுதந்திரம் பெறும் தறுவாய் வரை பிரித்தானிய தென்னாபிரிக்கக் கம்பனி என்னும் தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்தது. மண் சாம்பியருடையது, அதன் அடியிலிருந்த செப்பின் வருவாயோ இலண்டனிலிருந்த பங்காளிகளுடையது. 1969 இல் ஜனாதிபதி கென்னத் கவுண்டா சுரங்கங்களின் நூற்றுக்கு 51 பங்கை அரசுடைமையாக்கும் முடிவை அறிவித்தார். கன்னியாஸ்திரி கடிதம் எழுதிய காலம் அதற்கு அடுத்த ஆண்டு. சாம்பியக் குழந்தைகளின் பசிக்கு விடை தேடியவர் வானிலே செய்மதியைக் காட்டினார். அக்குழந்தைகளின் காலடியிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட செப்பைப்பற்றி அவர் பேசவில்லை. வளம் இல்லாமையால் மட்டும் பசி வருவதில்லை. வளம் கைமாறிப் போவதாலும் வருகின்றது.

இக்கடிதத்துக்கு எதிர்முனையில் நிற்கும் கவிதையொன்றும் அதே 1970 இலேயே வெளிவந்தது. கறுப்பினக் கவிஞராகிய கில் ஸ்கொட்-ஹெரனின் 'நிலவில் வெள்ளையன்' என்னும் பொருள்தரும் தலைப்புடைய ஆக்கம் அது. எலி கடித்த சகோதரி, கட்ட முடியாத வைத்தியக் கட்டணம், ஏறும் வாடகை, வரி ஆகியவற்றை அது அடுக்கிச் செல்கின்றது. ஒவ்வொரு துன்பத்தின் பின்னரும் சந்திரனிலே வெள்ளையன் நிற்கும் காட்சி வந்து அறைகின்றது. கடிதத்திலே மறைந்துபோன வரி கொடுப்பவன் கவிதையிலே முன்னுக்கு வந்து பேசுகின்றான். பிரபுவின் ஊரவரைப் பேசவிட்டிருந்தால் அவர்கள் இவ்வாறுதான் பேசியிருப்பர். அதன் ஆற்றல் அங்கேயே உள்ளது. கோபம் நியாயமானது, ஆயின் கோபத்துக்கு அப்பால் என்ன செய்வதென்பதை அது கூறுவதில்லை. கவிதை அதனைக் கூற வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கவும் இல்லை.

அவ்வழியைக் காட்டியவர் மாட்டின் லூதர் கிங்கின் தோழரான றால்ப் அபர்நாதி எனலாம். 1969 யூலை 15 ஆம் திகதி, அப்போலோ 11 புறப்படுவதற்கு முதல் நாள், கோவேறு கழுதை பூட்டிய வண்டியுடன் ஏழை மக்களை அழைத்துக்கொண்டு அவர் ஏவுதளத்துக்குச் சென்றார். நாசாவின் தலைவராயிருந்த தோமஸ் பெயின் அவரை எதிர்கொண்டு பேசினார். ஏவுதலை நிறுத்துவதாற் பட்டினி ஒழியுமாயின் நிறுத்திவிடத் தயாரெனப் பெயின் கூறினார். அபர்நாதியோ ஏவுதலை நிறுத்தும்படி கேட்கவில்லை. விண்வெளி வீரர்களின் நலனுக்காக வேண்டிக்கொண்டார். சந்திரனை அடையும் திறமையும் உறுதியும் பசியை ஒழிக்கும் பணியிலும் காட்டப்பட வேண்டுமென்றார். விஞ்ஞானத்தைப் பகைக்காமலே அதன் எசமானரிடம் கணக்குக் கேட்கலாம் என்பதை அக்கழுதை வண்டி உலகுக்குக் காட்டிற்று.

கடிதத்தின் இரண்டாவது நியாயம், செய்மதி ஏழைக்கு உதவும் என்பது. இதனையும் வரலாறு சோதித்தது. முதற் சோதனை அவ்வாண்டிலேயே வந்தது. 1970 நவம்பர் 12 ஆம் திகதி இரவு, வங்காள விரிகுடாவில் உருவான சூறாவளி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையைத் தாக்கிற்று. இறந்தோர் குறைந்தது மூன்று இலட்சம் பேர். அமெரிக்க வானிலைச் செய்மதி அச்சூறாவளியை முன்னரே கண்டிருந்தது. முதலாவது வானிலைச் செய்மதி 1960 இலேயே விண்ணேறி விட்டதன்றோ? ஆயினும் தீவுகளிலும் கழிமுகத்து மணல்திட்டுகளிலும் வாழ்ந்த கூலி விவசாயிகளுக்கு அக்காட்சி தெளிவான எச்சரிக்கையாகப் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் ஏறி நிற்க மேடான இடமோ உறுதியான கட்டடமோ அவர்களுக்கு இருக்கவில்லை. இஸ்லாமாபாத்தின் ஆட்சியாளர் காட்டிய அலட்சியம் வங்க மக்களின் விடுதலைக் கோரிக்கைக்கு வலுவூட்டிற்று.

வங்காளதேசம் பிறந்த பின்னர், 1972 இலிருந்து, செஞ்சிலுவைச் சங்கத்தோடு இணைந்து சூறாவளி ஆயத்தத் திட்டமொன்று கட்டியெழுப்பப்பட்டது. கிராமத்துத் தொண்டர்கள் கொடியும் ஒலிபெருக்கியும் கொண்டு வீடு வீடாகச் சென்று எச்சரிப்பர். கரையோரத்திலே புகலிடக் கட்டடங்கள் படிப்படியாக எழுந்தன. அவை போதாதிருந்த 1991 இல் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். புகலிடங்கள் பெருகிய பின்னர், 2007 இல் வந்த கடுஞ் சூறாவளியில் இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். அதுவும் சிறிய தொகையன்று. எனினும் மூன்று இலட்சத்தோடு ஒப்பிடுக. இன்று அத்திட்டத்தின் தொண்டர்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். இங்கே செய்மதியும் இன்றியமையாதது. ஒலிபெருக்கியோடு சேற்றில் நடக்கும் தொண்டனும் இன்றியமையாதவன். முன்னதற்கு மட்டும் செலவிட்டாற் கண் இருக்கும், கை இராது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி சூறையாடியதைக் கண்ட எமது கிழக்கு மாகாண மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சோதனை, ஷ்டூலிங்கர் வாக்களித்த அதே பூமி வளச் செய்மதியைப்பற்றியது. 1972 யூலையிலே, பின்னர் லான்ட்சாற் எனப் பெயர்பெற்ற வரிசையின் முதலாவது செய்மதி ஏவப்பட்டது. பயிர், காடு, நீர்நிலை யாவற்றையும் அது படமெடுத்தது. வாக்கு நிறைவேறிற்று என்றே கூற வேண்டும். ஆனால் 1984 இல், றேகன் ஆட்சிக்காலத்திலே, அப்படங்களைத் தனியார் வியாபாரமாக்கும் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மக்கள் பணத்தில் உருவான செய்மதியின் படங்களை விற்கும் உரிமை அடுத்த ஆண்டு ஒரு கம்பனியின் கைக்குச் சென்றது. ஒரு படத்தின் விலை நாலாயிரம் டொலருக்கும் மேலாக உயர்ந்தது. வறண்ட நிலத்தின் விவசாய ஆராய்ச்சியாளனும் ஏழை நாட்டின் பல்கலைக்கழக மாணவனும் தத்தம் நாட்டின் படத்தையே வாங்க இயலாதவராயினர். 1992 இல் அச்சட்டம் மாற்றப்பட்டது. 2008 இல் படங்கள் யாவும் இலவசமாக்கப்பட்டன. மிகுதியாக விற்பனையான ஆண்டிலே ஏறத்தாழ 25,000 படங்களே விற்றிருந்தன. இலவசமான பின்னர் ஓராண்டு அளவிற்குள் பெறப்பட்ட படங்கள் பத்து இலட்சத்தை எட்டின. செய்மதி மாறவில்லை, அதற்கான செலவும் மாறவில்லை. உடைமை மாறிற்று, பயன் நாற்பது மடங்காயிற்று. செலவைக் கூட்டுவதா குறைப்பதா என வாதிடுவோர் இந்த ஓர் உதாரணத்தை மட்டுமாவது சிந்திப்பாராக. அமெரிக்காவுக்கு முன்னரே, 2004 இல், சீனாவுடன் சேர்ந்து தான் ஏவிய செய்மதியின் படங்களை இலவசமாக்கிய நாடு பிரேசில் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

இந்த அனுபவத்தோடு, இன்று எல்லோரும் பேசும் விண்வெளி வளங்களைப்பற்றிய பிரச்சினைக்கு வருவோம். சந்திரனின் தென்துருவத்து நிழற்குழிகளிலே உறைந்த நீர் இருக்கின்றது. சிறுகோள்களிலே உலோகங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்தாற் பூமியின் வறுமை ஒழியும் என ஆசை காட்டப்படுகின்றது. உண்மை நிலை வேறு. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023 செப்டெம்பரிலே அமெரிக்கக் கலம் கொண்டுவந்து சேர்த்த பொருளின் நிறை 121.6 கிராம், அப்பயணத்துக்கான செலவு நூறு கோடி டொலருக்கும் மேல். விஞ்ஞானத்துக்கு அது விலைமதிப்பற்ற சேகரம். சுரங்கத் தொழிலாக அதனை எவரும் கருத இயலாது. தோண்டும் தொழில் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் தோண்டியது யாருக்கு உரியதென்ற சட்டம் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது.

1967 இன் விண்வெளி ஒப்பந்தம், விண்வெளியின் ஆய்வும் பயன்பாடும் எல்லா நாடுகளின் நன்மைக்காகவும் நடைபெற வேண்டுமென்றும், சந்திரனையோ பிற கோள்களையோ எந்நாடும் தனக்கெனக் கைப்பற்றலாகாதென்றும் விதித்தது. 1979 இன் சந்திர உடன்படிக்கை ஒருபடி மேலே சென்று, அங்குள்ள வளங்களை மனிதகுலத்தின் பொது முதுசொம் என அறிவித்தது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் வல்லமை பெற்ற மூன்று நாடுகளுள் ஒன்றுகூட அதனை ஏற்கவில்லை. 2015 இல் அமெரிக்கா, விண்வெளியிலிருந்து தன் பிரசைகள் எடுக்கும் வளங்களை அவர்களே உடைமையாக்கி விற்கலாமெனச் சட்டம் இயற்றிற்று. 2017 இல் லக்சம்பேர்க்கும், 2019 இல் ஐக்கிய அரபு அமீரகமும், 2021 இல் ஜப்பானும் அவ்வழியிற் சென்றன. விண்வெளியைத் தாம் உலகின் பொதுச் சொத்தாகக் கருதவில்லையென 2020 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதியின் கட்டளையொன்று வெளிப்படையாகவே கூறிற்று. நிலத்துக்கு உரிமை கோரவில்லை, எடுத்த பொருளுக்கே கோருகின்றோம் என்பது இவர்களின் வாதம். சாம்பியாவின் செப்பை அள்ளியோரும் மண்ணைச் சுருட்டிக்கொண்டு போகவில்லையே!

வழியைக் கண்டுபிடிக்கும் செலவு பொதுப்பணம். பத்துக்கு ஒன்பது தோல்வியாகும் ஆபத்தும் பொதுப்பணத்துக்கே. வழி திறந்த பின்னர் இலாபம் தனியாருக்கு. மெமிங்கனின் குடியானவர் இழந்த புல்வெளியின் கதை வானத்திலே மறுபடி எழுதப்படுகின்றது.

அவ்வாறாயின் அரசாங்கங்கள் விண்வெளிக்கு மேலும் செலவிட வேண்டுமா? வேண்டும் என்பதே எமது விடை. வானத்தை அறியும் வேட்கை செல்வந்தரின் ஆடம்பரமன்று. கலம் செலுத்திய மீனவனும் உழவனும் விண்மீனைப் பார்த்தே காலம் கணித்தனர். அரசாங்கம் விலகிக்கொண்டால் அவ்விடம் வெறுமையாகக் கிடக்காது. கம்பனிகளும் இராணுவங்களும் அதனை நிரப்பும். பணம் இல்லையென்பதும் பொய். 2023 இல் உலக நாடுகள் படைக்கெனச் செலவிட்ட தொகை 2,40,000 கோடி டொலரைத் தாண்டிற்று. அதனோடு ஒப்பிட, நாசாவின் ஆண்டுச் செலவாகிய ஏறத்தாழ 2,500 கோடி நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. பசிக்கும் விண்ணுக்கும் வேண்டிய பணம் ஒரே களஞ்சியத்திலேயே பூட்டிக் கிடக்கின்றது. அதன் வாயிலில் துப்பாக்கி நிற்கின்றது.

ஆயின் எமது 'வேண்டும்' நிபந்தனையற்றதன்று. மக்கள் பணத்தில் அறியப்பட்டது மக்களின் பொது அறிவாக, விலையின்றி, எல்லா நாடுகளுக்கும் கிடைக்க வேண்டும். விண்ணிலே கண்ணைப் பொருத்துவோர் மண்ணிலே கையையும் பொருத்த வேண்டும். எச்சரிக்கை கடைசிக் குடிசைவரை, அக்குடிசையின் மொழியிலேயே சென்று சேரச் செலவிடாத திட்டம் அரைகுறைத் திட்டமே. விண்வெளியின் வளம் எவருடைய தனியுடைமையும் ஆகாது. சிறிய நாடுகள், கலம் ஏவும் வல்லமை தமக்கு இல்லையென்பதற்காக, இவ்விவாதத்தில் வாய்மூடி இருத்தலாகாது. சட்டம் எழுதப்படும் காலம் இதுவே. சுரங்கம் தோண்டப்படும் காலத்திற் பேசிப் பயனில்லை.

ஷ்டூலிங்கரின் கடிதத்தை நாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. மாணவர் அதனைப் படிக்கட்டும். நேர்மையான ஒரு மனத்தின் நம்பிக்கை அதிலே உண்டு. அதனருகே ஸ்கொட்-ஹெரனின் கவிதையையும் வைத்துப் படிக்கட்டும். அடுத்த முறை விவாத மேடையை ஒழுங்குசெய்யும் ஆசிரியர்கள், 'விண்வெளிக்குச் செலவிடல் தகுமா' என்னும் பழைய தலைப்பை விடுத்து, 'விண்வெளியிற் கிடைப்பது யாருக்குச் சொந்தம்' எனத் தலைப்பிட்டுப் பார்ப்பாராக. மேரி ஜுகுண்டா கேட்ட கேள்விக்கு இன்னும் முழுமையான பதில் எழுதப்படவில்லை. அதனை எழுதும் உரிமை பிரபுவின் மாளிகைக்கு மட்டும் உரியதன்று.